பறக்காத ஹெலியின் கதவு

2009 மே மாதம் ஊரில் போர் முடிந்த பிறகு இரண்டு வருடம் நாங்கள் எந்தக் கொண்டாட்டத்துக்கும் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. மனம் வரவில்லை. 2011 கோடையில் கணவரின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது, "இதுக்கும் போகாட்டில் எங்களுக்கும் ஆக்கள் இருக்கினம் எண்டதையே மறந்துபோவம்" என்று அவரே சொன்னார். மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை எடுத்தேன். அதற்குச் சட்டை தைக்கக் கொடுக்க ஒரு சனிக்கிழமை பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்குப் போனேன்.

தையல் கடை பிலிப்-து-ஜிரார் தெருவில் இருந்தது. நடத்தியவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். வருகிறவர்களோடு கதைப்பதும் சேலைக்கு ஓரம் அடிப்பதும் அவர் வேலை. அளவெடுத்து வெட்டித் தைப்பது ஒரு போலந்துக்காரப் பெண். ஐம்பது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பத்து வருடமாக எங்கள் பெண்களுக்குச் சேலைச் சட்டை தைத்துத் தைத்து, வேலைக்குத் தேவையான தமிழ் முழுவதும் அவர் வாயில் வந்துவிட்டது. "இறுக்கமோ? காணுமோ? கை நீட்டோ, கட்டையோ?" என்று கேட்பார். மற்றதெல்லாம் பிரெஞ்சுதான். எல்லாரும் அவரைப் போலந்து அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அன்று அவர் சுவர் ஆணியில் தொங்கிய கட்டிலிருந்து சட்டைக் கைக்கான மாதிரித் துண்டு ஒன்றை உருவி என் தோளில் வைத்துப் பார்த்தார். தையல்காரர் வழமையாகப் பாவிக்கும் மண்ணிறத் தாள் இல்லை அது. தடிப்பாக, பழுப்பேறி, வெளிச்சம் ஊடுருவும்படி இருந்தது. எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் அந்தத் தாளின் கோடுகள் எனக்குத் தெரிந்தன.

நான் படவரைஞர். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் அதைத்தான் படித்தேன். பாரிசுக்கு வந்து எட்டு வருடம் வேறு வேலைகள் செய்து, பிறகு சென் தெனியில் கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் பொருத்தும் ஒரு சிறிய அலுவலகத்தில் அந்த வேலையையே பிடித்துக்கொண்டேன். ஆகவே அளவுக் கோட்டின் நுனியில் இருக்கும் அம்புக்குறியை எங்கே கண்டாலும் என் கண் அங்கேயே போய் நின்றுவிடும். என் தோளில் கிடந்த தாளில் அம்புக்குறிகள் இருந்தன. மைய அச்சுக் கோடு இருந்தது. ஒரு வட்டத்தைச் சுற்றிப் பன்னிரண்டு ஆணித் துளைகள். எல்லாம் கறுப்பு மையால் கையில் கீறியவை.

"இது என்ன படம்?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"பழைய தாள். அசையாமல் நில்லுங்கள்."

"இது ஏதோ இயந்திரத்தின் பல்சக்கரப் பெட்டி."

வாயில் கடித்திருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குப் படம் வாசிக்கத் தெரியுமா?"

"அதுதான் என் வேலை."

துண்டைக் கொண்டுபோய்க் கடையின் கண்ணாடிக் கதவில் வைத்து அழுத்தினார். தெரு வெளிச்சம் பின்னாலிருந்து விழ, கோடுகள் துலங்கின. "ஹெலிகொப்டர்" என்றார். "டர்பைன் ஹெலிகொப்டர். கட்டவேயில்லை."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் மேலே பார்த்து நிற்பதில்லை. ஓடுவோம். பன்னிரண்டு வயதில் ஒருநாள் பதுங்குகுழிக்குள் ஐந்து மணித்தியாலம் குந்தியிருந்திருக்கிறேன். ஹெலியின் வயிற்றைக் கீழிருந்து கண்டிருக்கிறேன். அந்த வயிற்றுக்குள் என்ன இருக்கும், யார் அதைக் கீறியிருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது அதன் உள்பகுதி ஒன்று மயிரிழை பிசகாத கோடுகளில் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது. எனக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் மீதியையும் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"மிச்சத் துண்டுகள் எங்கே?"

அவர் ஆணியைக் காட்டினார். "அங்கேதான். கை, முதுகு, கழுத்து. எல்லாம் அதே தாள்தான்."

மத்தியானம் பக்கத்துக் கடையில் பிளேன்ரீ குடித்தபடி முழுக் கதையையும் சொன்னார். கிழக்குப் போலந்தில் ஒரு சிறு பட்டணம். அங்கே ஒரு ஹெலிகொப்டர் தொழிற்சாலை. இருபது வயதில் அதன் படவரைக் கூடத்தில் சேர்ந்திருக்கிறார். தொழிற்சாலை சோவியத் ஹெலிகொப்டர்களை அனுமதி வாங்கிச் செய்துகொண்டிருந்தது. எல்லாம் மற்றவர்கள் கீறிய படங்கள். மேல்மாடியில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மட்டும், சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும் என்ற வெறி. ஐந்து பேர் இருக்கக்கூடிய சின்ன ஹெலி. அதற்கு ஒரே ஒரு டர்பைன்.

"பழைய பிஸ்டன் இயந்திரம் மாட்டைப் போலக் கனம்" என்று கைகளை விரித்துக் காட்டினார். பிறகு கைகளைக் குறுக்கினார். "டர்பைன் ஒரு பயணப்பெட்டி அளவுதான். பலம் அதைவிடக் கூட. டர்பைன் கிடைத்தால் எல்லாம் மாறும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்."

"கிடைத்ததா?"

"எங்கள் கூடத்தில் ஒரு அலுமாரி இருந்தது. எங்களுக்கு முந்தியவர்கள் கீறிய ஹெலிகள் அதற்குள் இருந்தன. ஒன்று படத்தோடு நின்றது. ஒன்றுக்கு மரத்தில் மாதிரி செய்தார்கள். ஒன்றை உண்மையாகவே கட்டி, நிலத்தோடு சங்கிலி போட்டுச் சுழற்றிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்கள். எங்களுடையதும் அந்த அலுமாரிக்குப் போகும் என்று எங்களுக்குத் தெரியாது."

அந்த ஹெலி எதற்கு என்று கேட்டேன். நோயாளிகளை ஏற்றவும் வயலுக்கு மருந்தடிக்கவும் என்றார்.

"சுடுவதற்கு இல்லையா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இல்லை. ஆனால் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு படம் கீறியிருப்போம்."

அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அவருக்குக் கொடுத்த வேலை கதவு. நோயாளியைப் படுக்கையோடு உள்ளே ஏற்றுவதற்கான அகலக் கதவு. மூன்று மாதம் இருந்து கீறிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். சில கிழமைகளுக்குப் பிறகு பகுதித் தலைவர் எல்லோருக்கும் முன்னால் அவருடைய படத்தைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார். உடற்சட்டத்தில் ஐந்தாம் வளையத்துக்கும் ஆறாம் வளையத்துக்கும் இடையில்தான் கதவு வரவேண்டும். இவருடைய கதவு அந்த இடைவெளியைவிட நாற்பது மில்லிமீற்றர் அகலம். அடுத்த கிழமை முழுத் திட்டமும் நிறுத்தப்பட்டது. படங்களைக் கொதிகலன் அறைக்குக் கொண்டுபோய் எரிக்கச் சொன்னார்கள். கடையில் தையல் தாள்கூடக் கிடைக்காத காலம். இரண்டு சுருளை மேலங்கிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சட்டை வெட்டப் பாவித்தார். பாரிசுக்கு வந்தபோதும் அவை கூடவே வந்தன.

"நிறுத்தியது உங்கள் கதவாலேயா?"

"யாரும் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. கனவில் அந்தக் கதவை எத்தனை தரம் அளந்திருப்பேன். ஒவ்வொரு தரமும் நாற்பது மில்லிமீற்றர் கூடத்தான் வரும்."

"படங்கள் இருக்கின்றனவே. பார்த்தால் தெரியாதா, எங்கே பிழைத்தது என்று?"

"எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். இனி யார் ஒட்டுவது?"

"நான் ஒட்டுகிறேன்" என்றேன். அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். அவருடைய கடைக்கும் அன்று பூட்டு. பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்-சூர்-செய்னில் எங்கள் வீட்டு நிலத்தில் நாற்பத்து மூன்று துண்டுகளையும் பரப்பினோம். என் கணவர் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். ஞாயிறும் திங்களும் அவருக்கு ஓய்வு. படுக்கையால் எழும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உதென்ன, வீடு முழுக்கச் சட்டை வெட்டி வைச்சிருக்கிறியள்?"

"சட்டையில்லை. ஹெலி" என்றேன்.

"என்ன?"

"ஹெலியப்பா. இவ கீறினது."

என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தணித்தார். "இஞ்சேரும், உமக்கு விசரே? ஹெலிக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். நீர் அதைக் கூப்பிட்டு வீட்டுக்கை விட்டிருக்கிறீர்."

"இது பறக்காத ஹெலி. ஒருநாளும் பறக்கேல்லை."

"பறக்காட்டிலும் ஹெலி ஹெலிதானே."

கோபத்தோடு குசினிக்குப் போய்த் தேநீர் போட்டார். விருந்தாளி வந்திருக்கும்போது தேநீர் கொடுக்காமல் இருக்க அவரால் முடியாது. மூன்று கோப்பைகளோடு வந்து எங்கள் தலைக்கு மேலே நின்றார். போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கழுத்துத் துண்டு தலைகீழாக் கிடக்கு" என்றார்.

"எது?"

"அந்தா. கோட்டைப் பாரும். அங்காலை போகுது. திருப்பி வையும்."

திருப்பி வைத்தேன். பொருந்தியது! ஒரு கழுத்துப் பட்டியில் தொடங்கிய வளைகோடு, நூல் பிசகாமல் ஒரு முதுகுத் துண்டுக்குள் ஓடி, அங்கிருந்து இரண்டு சட்டைக் கைகளுக்குள் நீண்டு போனது. போலந்து அக்கா கைதட்டினார். கணவர் கோப்பையை வைத்துவிட்டு நிலத்தில் இருந்தார். பின்னேரம் ஆறு மணி வரையும் எழும்பவில்லை. "வால் இஞ்சை வருது", "இது மூக்கு", "இல்லையில்லை, இது இருக்கை" என்று தமிழிலேயே கத்திக்கொண்டிருந்தார். போலந்து அக்காவுக்கு எல்லாம் விளங்கியது.

அலுவலகத்தில் என் முதலாளியிடம் அனுமதி கேட்டேன். காற்றுக் குழாய்களையே ஆயுள் முழுக்கப் பார்த்துச் சலித்த மனிதர். ஹெலிகொப்டர் என்றதும் சாவியைத் தந்துவிட்டார். அந்த இலையுதிர்காலம் முழுக்க, சனிக்கிழமை காலைகளில் பெரிய ஸ்கானரில் துண்டு துண்டாகக் கொடுத்துக் கணினியில் ஒட்டினேன். தையலுக்காக அங்கங்கே ஓரம் கத்தரித்திருந்தது. அந்த இடங்களில் இரண்டு பக்கக் கோடுகளையும் நீட்டிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை கோடு கோட்டைத் தொடும்போதும் எனக்கு மேல் சிலிர்க்கும். திங்கள் காலையில் வேலைக்குப் போகும்போது RER ரயிலில் நின்றபடி, அடுத்த சனிக்கு எந்தத் துண்டு என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

கார்த்திகை முடிவதற்குள் ஹெலி கிட்டத்தட்ட முழுமையாகத் தெரிந்தது. உருண்டையான மூக்கு, மெல்லிய வால், கூரையில் கூன் விழுந்தது போல டர்பைன் இருக்கும் மேடு. ஆனால் நடுவில் ஒரு ஓட்டை. ஆறாம் வளையம் வரவேண்டிய இடம். கதவு முடிகிற இடம். அந்தத் தாளின் கீழ் மூலையில்தான் திருத்தப் பட்டியலும் இருந்திருக்கும். எந்தப் படத்திலும் பின்னால் யாராவது ஒரு அளவை மாற்றினால், யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று அந்தப் பட்டியலில் எழுத வேண்டும். அதுதான் சட்டம்.

"நாற்பத்து நாலாவது துண்டு ஒன்று இருந்திருக்க வேண்டும்" என்றேன்.

போலந்து அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ. கொடுத்துவிட்டேன்."

தையல் பழகிய மூன்று பெண்களுக்கு மாதிரித் துண்டுகள் சில கொடுத்திருக்கிறார். யார் யாருக்கு எது என்பது நினைவில்லை. கடைக்கார அக்காவிடம் மூவரின் தொலைபேசி இலக்கமும் இருந்தது. அவரே முன்னால் நின்று தேடினார். பிரெஞ்சில் முதலாளிக்கும் பத்ரோன், தையல் மாதிரிக்கும் பத்ரோன். அக்கா முதல் பெண்ணுக்கு எடுத்த எடுப்பில், "போலந்து அக்கான்ரை பத்ரோன் உம்மட்டை இருக்கோ?" என்று கேட்க, அந்தப் பெண் பயந்துபோய், "நான் அவரைக் கண்டதே இல்லை அக்கா" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். மீண்டும் எடுத்து விளக்கியபோது அவரிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. இரண்டாவது பெண்ணிடம் ஒரு துண்டு கிடைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். அது சாதாரண மண்ணிறத் தாள்.

மூன்றாவது ஒரு மாமி. அறுபத்தைந்து வயது, தனிய இருக்கிறவர். இருந்தது பியர்ஃபித்தில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை போலந்து அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாமி சேலைப் பெட்டியைத் திறந்து, அடியில் விரித்திருந்த தாளை உருவினார். முதுகுத் துண்டு ஒன்று, பெரிய அளவு.

"உதோ நீங்கள் தேடினது?"

பழுப்பேறிய, வெளிச்சம் ஊடுருவும் தாள். அம்புக்குறிகளும் இருந்தன. "ஓம் மாமி, இதுதான்."

"என்னத்துக்கு?"

"இது ஒரு ஹெலியின்ரை படம், மாமி."

மாமி தாளைத் தொட்ட கையைச் சேலையில் துடைத்தார். "ஹெலியோ! இவ்வளவு நாளும் என்ரை கூறைச் சேலைக்குக் கீழையோ கிடந்தது? கொண்டு போங்கோ பிள்ளையள்."

நாங்கள் உடனே கொண்டுபோகவில்லை. மாமியின் குசினி ஜன்னலிலேயே வைத்துப் பார்த்தோம். கீழ் மூலையில் சின்ன எழுத்தில் மூன்று வரிகள் இருந்தன. போலந்து அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். முதல் வரி ஒன்றுமில்லை. இரண்டாவது ஒன்றுமில்லை. மூன்றாவது வரியில் விரல் நின்றது. மீண்டும் வாசித்தார். பிறகு எனக்குப் பிரெஞ்சில் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக.

"ஆறாம் வளையம் நாற்பது மில்லிமீற்றர் முன்னால் நகர்த்தப்பட்டது. பல்சக்கரப் பெட்டியைத் தாங்குவதற்காக."

"தேதி?"

"நான் கதவுக்குக் கையெழுத்து வைத்துப் பதினொரு நாள் பிந்தி."

அவர் குசினி நாற்காலியில் இருந்துவிட்டார். அழுதார், சிரித்தார், போலந்து மொழியில் ஏதோ திட்டினார். நான் அவருடைய தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு நின்றேன். "உங்கள் கதவு சரி! கேட்கிறதா? உங்கள் கதவு சரி!"

"ஏன் பிள்ளை அழுறா? எனக்கும் சொல்லு" என்றார் மாமி.

சொன்னேன். மாமி கவனமாகக் கேட்டார். "அப்ப இவ பிழை விடேல்லை. தைக்கக் குடுத்தாப் பிறகு அளவை மாத்திப்போட்டு, தைச்சவளுக்குச் சொல்லாமல் விட்டிட்டினம். பிறகு சட்டை இறுக்கம் எண்டு அவளிலை பாயிறது. உது எல்லா இடத்திலையும் நடக்கிறதுதான்." அடுப்பில் தண்ணீர் வைத்தார். "நான் படத்தைத் தந்திட்டன். இனி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

மூன்றாவது வரியின் முடிவில் இரண்டு எழுத்தில் ஒரு சுருக்கொப்பம் இருந்தது. போலந்து அக்காவுக்கு அது யாருடையது என்று தெரியும். அதே கூடத்தில் பக்கத்து மேசையில் இருந்தவர். இன்றைக்கும் ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார் வாழ்த்து அனுப்புகிறவர். எங்கள் வீட்டுக்கு வந்த கையோடு அவருக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்குப் போலந்து மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் குரல் ஏறுவதும் இறங்குவதும் விளங்கியது. கணவர் வானொலியை நிறுத்திவிட்டு, தனக்கு எல்லாம் விளங்குவதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பேசி முடித்ததும் போலந்து அக்கா சொன்னார். "எனக்குத் தெரியும் என்று நினைத்தானாம். கத்தியபோது வாயைத் திறக்கப் பயமாக இருந்ததாம். அன்றைக்குத்தான் அவனுக்கு நிரந்தர வேலைக் கடிதம் வரவிருந்ததாம். இருபத்தேழு வருடம் நத்தார் வாழ்த்து அனுப்பியிருக்கிறான், கழுதை."

"திட்டம் ஏன் நின்றதாம்?"

"டர்பைன் வரவில்லையாம். செய்து தருவதாகச் சொன்னவர்கள் கையை விரித்துவிட்டார்களாம். அது கூடத்தில் மற்ற எல்லோருக்கும் தெரியுமாம். என் கதவைப் பற்றி அவனைத் தவிர யாருக்கும் ஞாபகமே இல்லையாம்." அவருடைய முகத்தில் கோபமும் சந்தோசமும் மாறி மாறி வந்தன. "யாருக்கும் ஞாபகமில்லை. நான் மட்டும் சுமந்திருக்கிறேன்."

கால் மணித்தியாலத்தில் என் கணினிக்கு ஒரு படம் வந்தது. குற்ற உணர்ச்சி அந்த மனிதரை அவ்வளவு வேகமாக அலுமாரியைத் திறக்க வைத்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் புகைப்படம். ஒரு கொட்டகைக்குள் மரத்தால் செய்த முழு அளவு ஹெலி. வளையம் நகர்த்தப்படுவதற்கு முன் இருந்த அளவில் தச்சர்கள் செய்தது. போலந்து அக்கா அதைக் கண்டதேயில்லை. படவரைக் கூடத்துச் சின்ன ஆட்களை அந்தக் கொட்டகைக்குள் விடமாட்டார்களாம். அவருடைய கதவு அதில் பாதி திறந்திருந்தது. ஒரு தச்சர் அதில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

போலந்து அக்கா திரையில் அந்தக் கதவின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு, "இதை அந்த ஆறாம் வளையத்துக்குத் தக்கபடி திருத்த முடியும்" என்றார்.

"இப்போதா?"

"அப்போது என்னிடம் யாரும் கேட்கவில்லையே."

அடுத்த இரண்டு மாதம் அதுதான் வேலை. தையல் மேசையில், வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில், அவர் கதவைப் புதிதாகக் கீறினார். நான் அதைக் கணினியில் ஏற்றினேன். நாற்பது மில்லிமீற்றர் குறைத்தால் படுக்கை உள்ளே ஏறுமா என்பதுதான் கேள்வி. தாளில் ஏறியது, ஆனால் மயிரிழையில். "முழு அளவில் பார்க்காமல் நம்பமாட்டேன்" என்றார். என் பத்ரோன் பழசாகிப்போன தாள் சுருள்கள் நாலைத் தந்தார். ஒவ்வொன்றும் ஒன்பது மீற்றர் நீளத்துக்கு, ஹெலியை நாலு பட்டிகளாக முழு அளவில் அச்சடித்தேன். விரிக்க இடம் வேண்டுமே! கடைக்கார அக்கா சென் தெனியில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரரைப் பிடித்தார். "ஞாயிறு கலியாணம் முடிஞ்சு திங்கள் விடிய மண்டபம் சும்மாதான் கிடக்கும்" என்றார்.

2012 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை. மணவறை இன்னும் கழற்றப்படவில்லை. நிலத்தில் மல்லிகையும், வாழ்த்தித் தூவிய அறுகரிசியும். கணவர் கூட்டித் துப்புரவாக்கினார். நாலு பட்டிகளையும் விரித்து ஓரம் சேர்த்து ஒட்டினோம். கடைசி நாடாவை ஒட்டிவிட்டு நான் மணவறை மேடையில் ஏறி நின்று பார்த்தேன். ஒரு முழு ஹெலி பக்கவாட்டில் மண்டபத்தில் படுத்திருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன்.

போலந்து அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மூக்கிலிருந்து வால் வரை அதன் ஓரமாக நடந்தார். திடீரென்று என் கணவரைப் பார்த்துக் கையை வீசினார். "அங்கே நிற்காதீர்கள்! அது வால் விசிறி! வெட்டிப்போடும்!"

கணவர் உண்மையாகவே துள்ளி விலகினார். கடைக்கார அக்கா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டார்.

பிறகு சோதனை. படத்துக்குப் பக்கத்தில், புதிய கதவின் அகலத்துக்கு இரண்டு நாற்காலிகளை வைத்தோம். உள்ளே, எதிர்ச் சுவர் வரவேண்டிய தூரத்தில், நாற்காலிகளை வரிசையாக அடுக்கினோம். பந்திக்குப் போடும் மடிப்பு மேசை ஒன்று படுக்கையின் நீளமும் அகலமும் கிட்டத்தட்ட ஒத்திருந்தது. அதுதான் நோயாளி. ஒரு பக்கம் கணவரும் மறுபக்கம் நானும் தூக்கினோம். நேரே போய்க் கதவால் திருப்பினால், மேசையின் மூலை நாற்காலியில் இடித்து நாற்காலி விழுந்தது.

போலந்து அக்கா முழங்காலில் இருந்து நாடாவால் அளந்தார். வாய்க்குள் எண்களை முணுமுணுத்தார். எழும்பினார்.

"கால் பக்கத்தை முதலில் விடுங்கள். தலைப்பக்கத்தை வாலை நோக்கிச் சரியுங்கள். மெதுவாக."

"என்னவாம்? கேக்கேல்லை" என்றார் கணவர்.

"காலை முதல் விடட்டாம். நீங்கள் வால் பக்கம் சரியுங்கோ."

"பொறும், பொறும். பிடிச்சிருக்கிறன்."

மேசை சரிந்தது. மூலை நாற்காலிக்குக் கிட்டப் போனது. இன்னும் கிட்ட. கடைக்கார அக்கா "இடிக்கப்போகுது, இடிக்கப்போகுது" என்றார். இடிக்கவில்லை. ஒரு விரல் போகிற இடைவெளியில் அது திரும்பி, உள்ளே போய், எதிர்ச் சுவருக்கு நேராக நின்றது.

"ஏறீட்டுது!" என்று கத்தினார் என் கணவர். ஹெலி என்றாலே முகம் கறுக்கிற மனிதர் அந்த மேசையைப் பிடித்தபடி குதித்தார். "பாருங்கோ, ஏறீட்டுது!" போலந்து அக்கா அவரைக் கட்டிப்பிடித்தார், என்னைக் கட்டிப்பிடித்தார், கடைக்கார அக்காவைத் தூக்கியே விட்டார். நம்பிக்கைக்காக இன்னும் நாலு தரம் ஏற்றி இறக்கினோம். கடைசித் தரம் போலந்து அக்காவும் ஒரு மூலையைப் பிடித்தார்.

மண்டபத்துக்காரர் பன்னிரண்டு மணிக்கு மணவறை கழற்ற வருவதாகச் சொல்லியிருந்தார். சுருட்டுவதற்கு முன், கீழ் மூலையில் இருந்த தலைப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் போலந்து அக்கா குந்தினார். பழைய கட்டத்தை நான் அப்படியே கீறியிருந்தேன். கீறியவர், சரிபார்த்தவர், தேதி. பையிலிருந்து பேனா எடுத்து, திருத்தப் பட்டியலில் நாலாவது வரியைச் சேர்த்தார். கதவு நாற்பது மில்லிமீற்றர் குறைக்கப்பட்டது என்று போலந்து மொழியில். கீறியவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

"சரிபார்த்தவர் வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் படம் செல்லாது."

"என்னை யார் ஏற்றுக்கொள்வார்கள்?"

"நான்தான் இந்தக் கூடத்தின் பகுதித் தலைவர்" என்றார். "எழுதுங்கள்."

முழங்காலில் இருந்து என் பெயரைத் தமிழில் எழுதினேன். தேதியும் போட்டேன். மை காயும்வரை பெண்கள் மூவரும் ஊதிக்கொண்டிருந்தோம். வெளியே மண்டபத்துக்காரரின் வாகனம் வந்து நின்றது. "கெதியா, கெதியா" என்று கணவர் வாலிலிருந்து சுருட்டத் தொடங்கினார்.